பந்தல் பிரிக்கிற ஆக்கள்: ஒரு மென்பொருளின் துப்புரவு வரலாறு

போன ஆவணியில் உருத்திரபுரத்தில் மாமாவின் மகளுக்குக் கலியாணம். முதல்நாள் பந்தல் போட இருபது பேர் நிண்டவை. அடுத்தநாள் காலமை பிரிக்க வந்தது நாங்கள் நாலே நாலு பேர். பெரியப்பா கையில் வாடகைக் கடைச் சிட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். கதிரை 200, கிடாரம் 4, தறப்பாள் 6, ரியூப்லைற் 12. எண்ணினால் கதிரை 197தான் வருது. மூன்று கதிரை எங்க போனது எண்டு பக்கத்து வளவெல்லாம் தேடினோம்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற அண்ணாவும் எங்களோடு நிண்டவர். கதிரைகளை அடுக்கிக்கொண்டு சொன்னார்: "இந்த மூண்டு கதிரைக்குப் பேர்தான் மெமரி லீக். உலகத்தில பெரிய பெரிய சேவர் எல்லாம் இப்பிடித்தான் படுக்கிறது."

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அந்தக் கதை விடவில்லை. வளாகத்துக்குத் திரும்பிய பிறகு அண்ணா காட்டிய ஒரு திறந்த மூல மென்பொருளின் பழைய பதிவுகளை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது கணினிக்காரருக்கு மட்டும் உரிய கதை இல்லை என்று விளங்கியது. துப்புரவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை ஆரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு இயந்திரத்துக்குள் பல இயந்திரம்

முதலில் மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன? ஒரு உண்மையான கணினிக்குள், தனித்தனிக் கணினிகள் போல நடந்துகொள்ளும் பலவற்றை மென்பொருளால் உருவாக்கி ஓடவிடுவது. ஒவ்வொன்றும் தனக்கென்று வன்தட்டு, நினைவகம், வலையமைப்பு எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். உண்மையில் எல்லாம் அடியில் இருக்கிற ஒரே இரும்புப் பெட்டியிடம் கடன் வாங்கியது.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்று 1960களின் நடுவில் சிபி-40 என்ற முறைமையைக் கட்டியது. அது 1967இல் பாவனைக்கு வந்தது. 1972இல் அதே வழியில் விஎம்/370 வெளியானது. பிறகு மலிவான சிறிய கணினிகள் பெருகியதும் இந்த யோசனை கொஞ்சக் காலம் பின்னுக்குப் போனது. 2003இல் திரும்பி வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் வெளியானது. அதே ஆண்டு பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெலார் கியூஎமுவை வெளியிட்டார். 2007 பெப்ரவரியில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே கேவிஎம் சேர்ந்தது. இன்று "கிளவுட்" என்று நாங்கள் சொல்வதன் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த மெய்நிகர் இயந்திரங்கள்தான்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான கட்டளை. நாலு வகையைப் பாவிக்கிறவர் நாலு பாஷை படிக்கவேண்டும். இதைத் தீர்க்க ரெட் ஹட் நிறுவனத்தில் வேலை செய்த டானியல் வெய்யார் 2005 டிசம்பரில் ஒரு மென்பொருளை வெளியிட்டார். அதன் பெயர் லிப்வேர்ட். அடியில் இருப்பது ஸென்னோ கேவிஎம்மோ, மேலே இருந்து ஒரே மாதிரியாக "தொடங்கு", "நிறுத்து", "அழி" என்று சொல்லலாம். கலியாண வீட்டுப் பெரியப்பா மாதிரி ஒரு ஆள். பந்தல்காரரோடும் சமையல்காரரோடும் மேளகாரரோடும் அவர்தான் கதைப்பார்.

கடன் வாங்கும் பட்டியல்

ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கச் சொன்னதும் லிப்வேர்ட் என்ன செய்கிறது என்று பார்த்தால், அது முழுக்க முழுக்க வாடகைச் சாமான் எடுக்கிற வேலை. நினைவகத்தில் இடம் எடுக்கும். வலையமைப்புக்காக ஒரு பொய்யான கேபிள் முனையை உருவாக்கிப் பாலத்தில் செருகும். வன்தட்டுக் கோப்பின் உரிமையை மாற்றி "இது இன்னாருக்கு" என்று முத்திரை குத்தும். திரையைப் பார்ப்பதற்கு ஒரு துறை எண்ணை ஒதுக்கும். தேவைப்பட்டால் உண்மையான அட்டை ஒன்றைத் தாய்க் கணினியிடமிருந்து கழற்றி உள்ளே கொடுக்கும்.

இயந்திரம் நிற்கும்போது இவ்வளவையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது நினைத்தபடி நிற்கும்போது பெரிய பிரச்சினை இல்லை. சிட்டையை வைத்து ஒவ்வொன்றாக ஒப்படைக்கலாம். பிரச்சினை, கலியாணம் பாதியில் நிண்டு போனால்.

யோசித்துப் பாருங்கோ. கதிரை வந்துவிட்டது, தறப்பாள் வந்துவிட்டது, கிடாரம் இன்னும் வரவில்லை. அந்த நேரம் கலியாணம் நிற்குது. இப்ப என்ன திருப்பிக் கொடுக்கவேண்டும்? எடுத்தவற்றை மட்டும். எடுக்காத கிடாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் சண்டை. எடுத்த தறப்பாளை மறந்தால் அதுக்கு நாள்தோறும் வாடகை ஏறும். பத்து சாமான் எடுக்கிற வேலை என்றால், பாதியில் நிற்கக்கூடிய இடமும் பத்து. பத்து இடத்திலும் திருப்பிக் கொடுக்கும் பட்டியல் வேறுவேறு. துப்புரவு வழுக்கள் குடியிருக்கிற இடம் இதுதான். எல்லாம் சரியாக நடக்கிற பாதையை எல்லாரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். பாதியில் குழம்புகிற பாதையை ஆரும் நடந்து பார்ப்பதில்லை.

இந்த வழுக்களில் மூன்று வகை முக்கியம். ஒன்று, திருப்பிக் கொடுக்க மறப்பது. எங்கட மூன்று கதிரை. ஒருநாள் தெரியாது, மாதக்கணக்காக நிற்காமல் ஓடும் சேவரில் மெல்ல மெல்ல நினைவகம் நிரம்பி மூச்சு முட்டும். இரண்டு, கொடுத்த பிறகும் பாவிப்பது. கதிரையை ஒப்படைத்துவிட்டு அதிலேயே இருக்கப் போவது. மூன்றாவது, இரண்டு தரம் திருப்பிக் கொடுப்பது. இதுதான் ஆகப் பயங்கரம். நீங்கள் ஒப்படைத்த கிடாரத்தைக் கடைக்காரர் அதுக்குள்ளே வேறொரு வீட்டுக்குக் கொடுத்திருப்பார். அது உங்கட கிடாரம் எண்டு நினைத்து நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனால், அடுப்பில் கிடக்கிற அவையின்ர சோற்றையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

திட்டு வாங்கிய ஒரு சொல்

லிப்வேர்ட் எழுதப்பட்டது சி மொழியில். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி. சி மொழியில் நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் நிரலாளர் பொறுப்பு, திருப்பிக் கொடுப்பதும் நிரலாளர் பொறுப்பு. மொழி தானாக ஒன்றும் செய்யாது.

அதனால் சி நிரலாளர்கள் ஒரு பழக்கத்தை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செயற்பாட்டின் கடைசியிலும் "துப்புரவு" என்று பெயரிட்ட ஒரு மூலை இருக்கும். எங்கே பிழைத்தாலும் "கோடூ" என்ற கட்டளையால் அந்த மூலைக்குப் பாய்ந்து, எடுத்ததையெல்லாம் அங்கே திருப்பிக் கொடுப்பது. லிப்வேர்ட்டின் எழுத்து நடை வழிகாட்டியிலேயே இந்த மூலைக்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்று விதி இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் "கோடூ"வைத்தான் 1968இல் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு சின்னக் கடிதத்தில் கடுமையாக விமர்சித்தார். நிரலுக்குள் கண்டபடி தாவினால், என்ன வரிசையில் என்ன நடந்தது என்று மனுசரால் தொடர முடியாது என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு பல தலைமுறை மாணவர்களுக்கு "அதைத் தொடாதே" என்றுதான் படிப்பித்தார்கள். அப்படியிருந்தும் லினக்ஸ் கருவிலும் லிப்வேர்ட்டிலும் துப்புரவுக்கு மட்டும் அது தேவைப்பட்டது. ஏனென்றால் அதை விட்டால், பத்து இடத்தில் பத்துத் திருப்பிக் கொடுக்கும் பட்டியல் எழுதவேண்டும். அதில் பிழை விடுவது இன்னும் லேசு.

ஆனாலும் அந்த மூலையில் நிற்கிற ஆளின் பாடு கஷ்டம். அவருக்கு எந்தெந்தச் சாமான் வந்தது, எது வரவில்லை என்று தெரியவேண்டும். புதிதாக ஒருவர் நடுவில் ஒரு சாமானைக் கூட்டி எடுத்துவிட்டு, கீழே மூலையில் எழுத மறந்தால் முடிஞ்சுது. எடுத்த இடம் ஒரு பக்கம், கொடுக்கிற இடம் நூறு வரிக்குக் கீழே. ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண் காணாது.

பதினொரு வருசம் ஒளிந்திருந்த நஞ்சு

"சரி, கொஞ்ச நினைவகம்தானே, போகட்டும்" எண்டு நினைக்கிறவர்களுக்கு 2015 மே மாதக் கதை.

கியூஎமு தனக்குள் பழைய ஃப்ளொப்பித் தட்டு இயக்கியைப் போல நடிக்கிற ஒரு பகுதியை வைத்திருந்தது. அதற்கு 512 பைட் அளவில் ஒரு சின்னத் தட்டம். மெய்நிகர் இயந்திரம் கட்டளைகளை அந்தத் தட்டத்தில் போடும். இயக்கி வேலையை முடித்ததும் தட்டத்தை வெறுமையாக்கி அடுத்த கட்டளைக்குத் தயாராகும். எல்லாக் கட்டளைக்கும் அப்படி. இரண்டே இரண்டு கட்டளையைத் தவிர. அந்த இரண்டிலும் தட்டம் உடனே வெறுமையாக்கப்படவில்லை. ஆகவே உள்ளே இருக்கிற ஒருவர் வேண்டுமென்றே மேலும் மேலும் போட்டால் தட்டம் நிரம்பி வழியும். வழிவது தாய்க் கணினிக்குள். அதாவது, வாடகை அறைக்குள் இருக்கிறவர் சுவரை உடைத்துக்கொண்டு வீட்டுக்காரரின் அறைக்குள் வரலாம். அங்கேயிருந்து பக்கத்து அறைகளுக்கும் போகலாம்.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் இதைக் கண்டுபிடித்தார். "வெனம்", அதாவது நஞ்சு என்று பெயர் வந்தது. அந்த வழு 2004இலிருந்து அங்கே இருந்தது. 2015இல் ஃப்ளொப்பி பாவிக்கிற ஆள் ஆர்? ஆனால் பாவிக்காத அந்தச் சாமான் பந்தலின் ஒரு மூலையில் தொடர்ந்து கிடந்தது. வேறொரு வழு காரணமாக, ஃப்ளொப்பியை நிறுத்திவைத்தாலும் அந்தப் பகுதி உள்ளே இயங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டத்தைக் கழுவி வைக்காததால் உலகம் முழுக்கச் சேவர்களை அவசரமாகத் திருத்தவேண்டி வந்தது.

பழக்கத்தை மாற்றிய கதை

எனக்கு ஆகப் பிடித்த பகுதி, லிப்வேர்ட் குழு இந்தப் பிரச்சினையை எப்படி எதிர்கொண்டது என்பது. பல வருசம் அவர்கள் வழுக்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். இன்ன செயற்பாட்டில் இன்னது திருப்பிக் கொடுக்கப்படவில்லை, இப்போது கொடுக்கப்படுகிறது. மாற்றப் பதிவுகளில் இப்படியான சின்னத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைத் திருத்த இன்னொன்று முளைக்கும்.

ஒரு கட்டத்தில் கேள்வியை மாற்றினார்கள். "ஆர் மறந்தது?" என்பதை விட்டுவிட்டு, "மறக்கவே முடியாதபடி எழுதினால் என்ன?"

அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. ஜிசிசி நிரல்மாற்றியில் 2003 அளவில் ஒரு வசதி வந்திருந்தது. ஒரு மாறியை அறிவிக்கும்போதே, "இந்தச் செயற்பாடு எந்த வழியால் முடிந்தாலும் இதைத் தானாகத் திருப்பிக் கொடு" என்று ஒட்டி வைக்கலாம். 2015இல் ஜிலிப் என்ற பொது நூலகம் அதைப் பாவிக்க லேசாக்கித் தந்தது. லிப்வேர்ட்டில் 2018இல் கூகுள் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் ஒரு மாணவர் இந்த முறைக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினார். 2019 இறுதியில் குழு ஜிலிப்புக்கே மாறியது. அதற்குப் பிறகு பல பேர், கோப்புக் கோப்பாக, பழைய "துப்புரவு" மூலைகளை அழித்துக்கொண்டு வந்தார்கள். 2023இல் லினக்ஸ் கருவுக்குள்ளும் இதே பழக்கம் வந்தது.

கதிரை எடுக்கும்போதே அதன் காலில் ஒரு கயிறு கட்டி, கலியாணம் முடிந்தாலும் சரி நிண்டாலும் சரி, கயிறு தானாகக் கடைக்கு இழுத்துவிடும் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் இது. எடுக்கிற வரியும் கொடுக்கிற வரியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

இதுவும் மந்திரம் இல்லை. எடுத்த சாமானை வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுக்கும்போது கயிற்றை அவிழ்த்துவிடவேண்டும். "இது இனி அவரின் கணக்கு" என்று தெளிவாக எழுதவேண்டும். மறந்தால், அவர் பாவிக்கிற நேரத்திலேயே கயிறு இழுத்துவிடும். அதோடு, ஒரு செயற்பாட்டுக்குள் வந்துபோகும் சாமானுக்குத்தான் இந்தக் கயிறு. மாதக்கணக்காக ஓடும் மெய்நிகர் இயந்திரம் எடுத்து வைத்திருக்கிற கேபிள் முனை, முத்திரை, துறை எண் எல்லாவற்றையும் அது நிற்கும் நாளில் திருப்பிக் கொடுப்பதற்கு இன்றைக்கும் ஒரு நீளமான செயற்பாடு கையால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சிட்டை வாசிக்க ஒரு ஆள் வேணும்.

அந்த வருசங்களில் நாங்கள்

இந்த ஆண்டுகளையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் பேனா நிண்டுட்டுது. 2005 டிசம்பர் லிப்வேர்ட். 2006 ஆவணியில் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டது. 2007 பெப்ரவரி கேவிஎம். 2009 மே மாதம் எனக்கு ஆறு வயது. அந்த வருசத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எங்கட வயதுப் பெடியள் பெட்டையளுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

அதே காலத்தில் இலங்கையின் மற்றப் பக்கத்தில் வேறொரு வரலாறு நடந்தது. 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 கடல் முல்லைத்தீவையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, இலங்கைத் தன்னார்வலர்கள் சில கிழமைகளுக்குள் சகானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். அது பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய கூகுள் கோடைகாலத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே கூடுதலான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. ஆக, இந்த நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. எங்களுக்குத்தான் தூரமாக இருந்தது.

எங்கட பக்கத்தில் துப்புரவு என்றால் வேறு அர்த்தம். முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்தால், சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்குப் பின்னால் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிற ஆக்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதில் கனபேர் பெண்கள். கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் 2002 சமாதான காலத்திலேயே இங்கே வந்தவை. இரண்டு வேலையையும் ஒண்டெண்டு நான் சொல்ல வரவில்லை. அங்கே பிழைத்தால் கணினி நிற்கும், இங்கே பிழைத்தால் கால் போகும். ஆனால் ஒரு விசயம் ரெண்டிலும் பொது. புதைத்தவரிடம் வரைபடம் இருந்தால் எடுப்பது லேசு. வரைபடம் இல்லையென்றால் ஒவ்வொரு அடியையும் சந்தேகிக்கவேண்டும். எது எங்கே வைக்கப்பட்டது என்ற பதிவு இல்லாமல் துப்புரவு இல்லை.

பிழையை எழுதி வைக்கிற ஆவணக்காப்பகம்

வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு லிப்வேர்ட்டில் கிடைத்த பெரிய விசயம் இதுதான். அந்த மென்பொருளில் நடந்த மாற்றங்கள் ஆர் செய்தது, எப்போது, ஏன் என்ற குறிப்போடு கிட் பதிவில் இருக்கின்றன. திருத்தம் அனுப்புகிறவர் தன் பெயரில் கையொப்ப வரி போடவேண்டும். ஒரு வழுவைத் திருத்தும்போது, அந்த வழு எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்று அதன் அடையாள எண்ணையும் குறிப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. சிலநேரம் வழுவைப் போட்டவரும் திருத்துகிறவரும் ஒரே ஆள். "இது நான் முந்தி எழுதியதில் வந்த பிழை" என்பதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டு, அடுத்த வேலைக்குப் போகிறார்கள். ஆரும் அவரைத் தூற்றவில்லை.

எங்கட வரலாற்றில் இப்படி ஒரு பதிவு எவ்வளவு இருக்கு? தொடக்க விழாக்களின் படம் இருக்கு. மலர்கள் இருக்கு. சங்கங்கள், சனசமூக நிலையங்கள், கூட்டுறவுக் கடைகள் திறந்த நாள் தெரியும். ஏன் மூடுப்பட்டது, அப்போது கையிருப்பில் என்ன இருந்தது, ஆரிடம் ஒப்படைத்தது என்று தேடினால் பெரும்பாலும் ஒரு வரியும் கிடைக்காது. போர் எரித்தது பாதி. மிச்சப் பாதியை எழுதாமல் விட்டது நாங்கள். பிழையை எழுதினால் மானம் போய்விடும் எண்ட பயம்.

லிப்வேர்ட் ஆக்கள் பதினைந்து வருசம் எடுத்துப் படித்த பாடம், மறதி தனி ஆளின் குற்றம் இல்லை என்பது. பதிவும் பழக்கமும் சரியாக இருந்தால் சாதாரண ஆளும் துப்புரவாக வேலை செய்வார். அந்தப் பாடத்தைப் படிக்க முடிந்ததே, பழைய பிழைகள் ஒன்றும் அழிக்கப்படாமல் வாசிக்கக் கிடந்ததால்தான்.

இதை வாசிக்கிற கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. புதியவர்கள் செய்யக்கூடிய சின்ன வேலைகளை லிப்வேர்ட் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. கூகுள் கோடைகாலத் திட்டமும் 2022இலிருந்து மாணவருக்கு மட்டும் என்று இல்லை. துப்புரவு வேலை உள்ளே நுழைய நல்ல வாசல். ஏனென்றால் மற்றவர்கள் அந்த வாசலில் நெரிபடுவதில்லை. நிரல் தெரியாத என்னைப் போன்ற ஆக்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கட ஊர் வாசிகசாலையின் கூட்டக் குறிப்புக் கொப்பி எங்கே எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

மூன்று கதிரையும் கிடைத்தது. பக்கத்து வீட்டு அம்மம்மா, மழை வருமெண்டு தன்ர விறாந்தையில் எடுத்து வைத்திருந்தவ. பெரியப்பா சிட்டையின் பின்பக்கத்தில் அதையும் எழுதினார்: "கதிரை 3, பக்கத்து வீட்டில் இருந்து." ஏன் பெரியப்பா இதெல்லாம் எழுதுறியள் எண்டு கேட்டேன்.

"அடுத்த கலியாணத்துக்கு எங்க தேடவேணும் எண்டு தெரியவேணுமெல்லோ" எண்டார்.